சாலையில் எதை எண்ணுகிறோம்?

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990இல் ஊர்ப்புறச் சாலைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டியில் ஓர் அட்டவணை இருக்கிறது. பலவகை வாகனங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதற்காகக் காரை 1 என்று வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிடும் அட்டவணை. இருசக்கர வாகனத்துக்கு 0.5, சைக்கிளுக்கும் 0.5, பேருந்துக்கு 3. ஒரு வாகனம் சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணிக்க வந்த கணக்கு இது. அந்த வேலைக்குச் சரியான கருவிதான். நகரத்துச் சாலையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கும் இதே மாதிரியான எண்களே விடையாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஐம்பது பேரை ஏற்றிவரும் பேருந்து அங்கே மூன்று கார் அளவு இடைஞ்சலாகப் பதிவாகிறது. நடந்து போகிறவருக்கு அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. தானியங்கி சிக்னல்களும் இந்த வழியில் வந்தவையே. 1970களில் சிட்னியிலும் பிரிட்டனிலும் உருவாகி இன்று உலகெங்கும் ஓடும் முறைகள், தார்ச்சாலைக்கு அடியில் பதித்த கம்பிச்சுருளை நம்பித் தொடங்கியவை. சுருளுக்கு மேலே ஓர் உலோக உடல் வந்து நின்றால் அது உணரும். உள்ளே ஒருவர் இருக்கிறாரா அறுபது பேரா என்பது அதற்குத் தெரியாது. கேமராவும் செயற்கை அறிவும் வந்த பிறகும், பல நகரங்களில் கணினியிடம் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை: வாகனங்களின் காத்திருப்பு நேரத்தைக் குறைப்பது எப்படி? போக்குவரத்துத் தரவைக் குவித்தால் நகரம் சீராகும், கூடவே காற்றும் தூய்மையாகும் என்று சொல்லப்படுகிறது. அரை நூற்றாண்டு அனுபவத்தைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. தரவு எந்த இலக்குக்காக எண்ணப்பட்டதோ அந்த இலக்குக்கே உழைத்திருக்கிறது. சூழலுக்காக அது உழைத்த இடங்களில், எண்ணும் பொருளை யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்த எண் கூடினாலோ குறைந்தாலோ எந்த முடிவு மாறும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள்.

எண்ணும் பொருள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவைப் போல வேறு சான்று கிடைப்பது அரிது. அந்நகரம் சைக்கிள் பாதைகள் அமைக்கத் திட்டம் போட்டது. 2006இல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது; 2010 வரை தடை நீங்கவில்லை. தடைக்குக் காரணம், கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் சட்டப்படி செய்திருக்க வேண்டிய மதிப்பீட்டை நகரம் செய்யவில்லை என்பது. அந்த மதிப்பீட்டிலோ, சந்திப்புகளில் கார்களுக்கு எத்தனை நொடி தாமதம் கூடும் என்பதே போக்குவரத்துப் பாதிப்பின் அளவுகோல். சைக்கிளுக்கு ஒரு தடத்தை ஒதுக்கினால் கார்கள் சற்றுத் தாமதமாகும். ஆகவே சைக்கிள் பாதை சூழலுக்குக் கேடு. அதே அளவுகோலின்படி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டும் அடுக்குமாடி குற்றவாளி, சாலையை அகலப்படுத்துவது பரிகாரம். யாரும் சதி செய்து இந்தத் தலைகீழ் நியாயத்தைக் கொண்டுவரவில்லை. எளிதில் அளக்க முடிந்ததை அளந்தார்கள், அளந்ததையே இலக்காக்கிக்கொண்டார்கள். 2013இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும், ஒரு திட்டத்தால் மக்கள் மொத்தம் எவ்வளவு தூரம் வாகனம் ஓட்டுவார்கள் என்பதே கணக்கானது. சாலைகளும் கார்களும் அப்படியேதான் இருந்தன. எண் மாறியதும் குற்றவாளி மாறிவிட்டார்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. நின்று நின்று நகரும் வண்டி எரிபொருளை வீணாக்குகிறது. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் புகை அதிகம். சிக்னலைச் சீராக்கி ஓட்டத்தை இலகுவாக்குவதும் சூழல் வேலைதானே? கூகுள் நிறுவனத்தின் கிரீன் லைட் திட்டம் இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. பெங்களூரு, கொல்கத்தா, ஹைதராபாத் உள்ளிட்ட நகரங்களில் வரைபடச் செயலியின் தரவை வைத்து, சிக்னல் நேரத்தில் சிறு மாற்றங்களை அது பரிந்துரைக்கிறது. நிறுத்தங்கள் 30 சதவீதம் வரையும், சந்திப்புகளில் வெளியேறும் புகை 10 சதவீதம் வரையும் குறையக்கூடும் என்பது நிறுவனத்தின் சொந்த மதிப்பீடு. செலவு அதிகமில்லாத வேலை, செய்யலாம். ஆனால் அந்தக் கணக்கு நாளைக்கும் அதே எண்ணிக்கையில்தான் வண்டிகள் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. கில் டுரான்டன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கப் பெருநகரங்களின் இருபதாண்டுத் தரவை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையைக் குலைத்தது. நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் எத்தனை சதவீதம் கூடியதோ, வாகனங்கள் ஓடிய தூரமும் ஏறத்தாழ அத்தனை சதவீதம் கூடியிருந்தது. இடம் காலியானால் வண்டி வந்து நிரப்பும். சிக்னல் வழியாகக் கிடைக்கும் இடமும் இடம்தான். இந்தக் கட்டுரையைப் பேருந்து ஆதரவாளர்கள் மேற்கோள் காட்டும்போது அதன் இன்னொரு முடிவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: பொதுப் போக்குவரத்தைக் கூட்டியதாலும் வாகனங்கள் ஓடிய தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. பேருந்துக்கு மாறிய ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் காரோடு வந்துவிடுகிறார். காலியாகும் இடத்துக்கு ஒரு விலையோ தடையோ வைக்காமல் எதைச் செய்தாலும் கணக்கு பழைய இடத்துக்கே திரும்புகிறது. அந்தக் கட்டுரை கைகாட்டும் வழியும் சாலைக்கு விலை வைப்பதுதான்.

விலை வைத்த முதல் நகரம் சிங்கப்பூர். 1975 ஜூன் 2 அன்று நகர மையத்தைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, காலை 7.30 முதல் 9.30 வரை உள்ளே வரும் கார் நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து வாங்கிய உரிமத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும் என்றார்கள். நான்கு பேர் ஏறிய காருக்குக் கட்டணமில்லை. கணினி கிடையாது, கேமரா கிடையாது. நுழைவாயிலில் நின்ற காவலர்கள் கண்ணால் பார்த்து எண் எழுதிக்கொண்டார்கள். உள்ளே வந்த வாகனங்கள் அந்த நேரத்தில் 44 சதவீதம் குறைந்தன. எதிர்பார்த்ததைவிட அதிகம், கட்டணத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள் என்ற விமர்சனம்கூட எழுந்தது. இன்னொன்றையும் எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது. 9.30 அடித்ததும் வண்டிகள் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தன. சில வாரங்களிலேயே நேரம் 10.15 வரை நீட்டப்பட்டது. தரவு என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய திரைகளைக் கற்பனை செய்கிறவர்கள் இந்தச் சில வாரப் பாடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே இருந்தவை பென்சிலும் தாளும், எண்ணை மதித்து முடிவை மாற்றும் ஓர் அலுவலகமும்.

1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. வண்டியிலுள்ள கருவியிலிருந்து வாயிலைக் கடக்கும்போதே பணம் கழிந்துவிடும். கட்டணத்தை அமைச்சரோ அதிகாரியோ மனம்போல் வைப்பதில்லை. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 என்று உகந்த வேகம் வகுக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, வேகம் கீழெல்லைக்குக் குறைந்தால் கட்டணம் ஏறும், மேலெல்லையைத் தாண்டினால் இறங்கும். 2008 முதல் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, நூற்றுக்கு 85 பேருக்காவது அந்த வேகம் கிடைக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கட்டணம் அரைமணிக்கு ஒருமுறை மாறியதால், குறையும் நேரத்துக்காக வாயிலுக்கு முன்னே தயங்கி நிற்பவர்களும், கூடுவதற்குள் நுழைய விரைபவர்களும் பெருகினார்கள். 2003இல் இரு விலைகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைக்கட்டணம் ஒன்றைச் செருகி அதையும் சரிசெய்தார்கள். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் சாலைகள் வெறிச்சோடியபோது எல்லா வாயில்களிலும் கட்டணம் பூஜ்யமானது. எண்ணும் முடிவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தால் நிர்வாகம் எவ்வளவு நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் கயிற்றின் மறுமுனையில் இருப்பது வேகம் என்பதையும் மறக்கக் கூடாது. காலியான சாலையில் ஓடும் பழைய டீசல் லாரியின் புகையைப் பற்றி அந்த விதிக்கு எந்தக் கருத்தும் இல்லை. சிங்கப்பூரில் மொத்தக் கார்களின் எண்ணிக்கையைப் பிடித்துவைத்திருப்பது வேறொரு விதி: 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் ஏலம். 2018இலிருந்து கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி பூஜ்யம். வேகத்தைக் கட்டணம் காக்கிறது, எண்ணிக்கையைச் சான்றிதழ் காக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு முதலாவதை மட்டும் நகலெடுக்க நினைக்கும் நகரங்கள் ஏமாறும்.

ஸ்டாக்ஹோம் செய்தது வேறு வகை. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை ஏழு மாத ஒத்திகை. கட்டணம் வராது என்று தேர்தலில் வாக்குறுதி அளித்த மேயரே, தேசிய அளவில் பசுமைக் கட்சியின் நிபந்தனைக்குப் பணிந்து அதை நடத்த வேண்டியதாயிற்று. மக்களிடையே பெரும்பான்மை எதிர்ப்பு. நகர மையத்தைச் சுற்றி 18 கட்டுப்பாட்டு இடங்கள், எண்பலகையைப் படிக்கும் கேமராக்கள், நேரத்துக்கேற்ப 10, 15, 20 குரோனர், ஒரு நாளில் அதிகபட்சம் 60. அதற்கு முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. இந்த வரிசைதான் பிறகு பெரிய உதவியானது. பேருந்து கூடி கட்டணம் இல்லாத மாதங்களில் கார் ஓட்டம் அசையவில்லை. கட்டணம் தொடங்கியதும் கோட்டைக் கடந்த வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. உள்நகரில் கரியமில வாயு சுமார் 14 சதவீதம் குறைந்தது. மாவட்டம் முழுவதற்குமாகப் பார்த்தால் 2 அல்லது 3 சதவீதம்தான். இந்த இரண்டாவது எண்ணை ஆதரவாளர்கள் மெல்லச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். உரக்கச் சொல்வதே நியாயம். ஜூலை முடிந்து கட்டணம் நின்றதும் வண்டிகள் திரும்பி வந்தன, பழைய அளவுக்கு முழுதாக அல்ல. செப்டம்பர் 17இல் வாக்கெடுப்பு. நகரவாசிகள் சிறு பெரும்பான்மையில் ஆம் என்றார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. பின்னாளில் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், காற்று மாசு 5 முதல் 15 சதவீதம் குறைந்ததையும், சிறு குழந்தைகளுக்கு ஆஸ்துமா முற்றி மருத்துவரிடம் ஓடுவது அதைவிட மெதுவாக, ஆனால் கணிசமாகக் குறைந்ததையும் கண்டார்கள். வேகமானியில் தெரியாத பலன் அது. சூழலுக்காக என்று தொடங்கிய கட்டணத்தின் வருமானத்தைப் புதிய சாலைகளுக்கென்று ஒதுக்கிய கூத்தும் அங்கேயே நடந்தது. டுரான்டனும் டர்னரும் சொன்னது அந்தச் சாலைகளுக்கும் பொருந்தும்.

லண்டனில் சண்டை எண்களுக்கு நடுவே. 2003 பிப்ரவரி 17இல் 5 பவுண்டு கட்டணம் தொடங்கி, முதல் ஆண்டில் உள்ளே வந்த வாகனங்கள் 18 சதவீதமும் தாமதம் 30 சதவீதமும் குறைந்தன. ஐந்து ஆண்டுகளுக்குள் தாமதம் பழைய நிலைக்கே ஏறிவிட்டது. கட்டணம் தோற்றது என்று இதை வைத்து இன்றும் எழுதுகிறார்கள். உள்ளே வரும் வாகனங்களின் எண்ணிக்கை ஏறவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. குழாய் மாற்றும் பணிக்காகச் சாலைகள் தோண்டப்பட்டன. மிச்சமான இடத்தில் ஒரு பகுதி பேருந்துக்கும் நடப்பவருக்கும் கொடுக்கப்பட்டது. வேகம் ஒன்றே வெற்றி என்றால் தோல்விதான். குறைவான வண்டிகளில் அதிகமான ஆட்களைக் கொண்டுபோவதே வெற்றி என்றால் கதை வேறு. வெற்றிக்கு எந்த எண் சாட்சி என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் விட்டதன் விலையை அந்நகரம் கொடுத்தது. 2019இல் வந்த மிகக்குறை புகை மண்டலத்தில் அந்தக் குழப்பமில்லை. பெட்ரோல் வண்டி யூரோ 4, டீசல் வண்டி யூரோ 6 தரத்தை எட்டவில்லையென்றால் 12.50 பவுண்டு, இரவு பகல் எல்லா நேரமும். கோடு வேகத்தைப் பார்க்காமல் புகையைப் பார்த்துப் போடப்பட்டது.

சாலையின் எண்ணிக்கையும் காற்றின் நிலையும் ஒன்றல்ல என்பதை டெல்லி கடினமான வழியில் கற்றது. 2016 ஜனவரி 1 முதல் 15 வரை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கார்கள் மாற்று நாட்களில் ஓடின. இருசக்கர வாகனங்களுக்கும் பெண்கள் ஓட்டும் கார்களுக்கும் விலக்கு. நெரிசல் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. காற்றில் என்ன மாறியது என்பதில் இழுபறி. அதே மாதம் வெளிவந்த கான்பூர் ஐஐடியின் அறிக்கை காரணத்தைச் சொல்லிவிட்டது. நகரில் வெளியாகும் நுண்துகளில் வாகனங்களின் பங்கு சுமார் 20 சதவீதம், சாலைப் புழுதியின் பங்கு 38. அந்த 20க்குள் லாரிகள் பாதியை நெருங்கின, இருசக்கர வாகனங்கள் மூன்றில் ஒரு பங்கு, கார்கள் பத்தில் ஒன்று. கையில் எண் இருந்தது. எண்ணிலிருந்து பிறந்த நடவடிக்கை அல்ல அது. ஐரோப்பாவிலும் இதற்கு நிகரான கோளாறு உண்டு. சாலையில் எத்தனை டீசல் கார்கள் என்று எண்ணி, ஆய்வகம் சான்றளித்த புகை அளவால் பெருக்கினால் காற்று தூய்மையாகிக்கொண்டே இருந்தது, காகிதத்தில். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் புகைச் சோதனை மோசடி வெடித்தபோது, சாலையில் ஓடும்போது அந்த வண்டிகள் கக்கிய நைட்ரஜன் ஆக்சைடு சான்றிதழைப் பல மடங்கு தாண்டியிருந்தது தெரிந்தது. போக்குவரத்து எண்ணிக்கையோடு, தெருவில் நிற்கும் காற்று அளவியும் சேர்ந்தே சாட்சி சொல்ல வேண்டும்.

அடுத்த மறுப்பு ஏழையைப் பற்றியது: விலை வைத்தால் பணக்காரர் சாலையை வாங்கிக்கொள்வார். நம் நகரங்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வியல்ல. இங்கே இருசக்கர வாகனம் உழைப்பவரின் வண்டி. ஸ்டாக்ஹோமும் லண்டனும் நெரிசல் கட்டணத்தில் மோட்டார் சைக்கிளுக்கு விலக்கு அளித்தவை என்பதை நினைவில் கொள்ளலாம். ஆனால் புகையைக் கணக்கிட்டால் விலக்கு தர முடியாது. லண்டனின் புகை மண்டலம் தரவும் இல்லை. 2023 ஆகஸ்டில் அது நகரம் முழுவதற்கும் விரிந்தபோது, பழைய வண்டியை மாற்ற வசதியில்லாத புறநகர்க்காரரின் கோபம் உண்மையானது. அதற்கு விடை பழைய வண்டியை ஒப்படைப்பவருக்கு உதவித்தொகை, அதோடு கட்டணம் வருவதற்கு முன்பே வந்து நிற்கும் பேருந்து. இன்று இலவசமாகக் கிடப்பதாகத் தோன்றும் சாலைக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை நெரிசலில் மாட்டிய பேருந்தில் நின்றபடி வரும் பயணியும், சாலையோரக் குடிசையில் மூச்சிழுக்கும் குழந்தையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

வேவு பார்ப்பது பற்றிய அச்சத்தை அவ்வளவு எளிதில் ஆற்ற முடியாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, பெயர் நீக்கிய 15 லட்சம் கைபேசிப் பதிவுகளில், ஒருவர் எப்போது எங்கே இருந்தார் என்ற நான்கே புள்ளிகள் கிடைத்தால் 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்தெடுக்கலாம் என்று காட்டியது. சிங்கப்பூரில் தொற்றுத் தடமறிதலுக்கு மட்டும் என்று வாங்கிய தரவைக் காவல்துறையும் குற்ற விசாரணைக்குப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் வெளிப்பட்டு, அதன் பிறகே கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நோக்கம் நழுவுவதற்கு நல்ல நிர்வாகமும் விலக்கல்ல. ஆனால் நகரத் திட்டமிடலுக்குத் தனி ஆளின் தடம் தேவைப்படுவதே அபூர்வம். சோல் நகரம் 2013இல் இரவுப் பேருந்துகளைத் தொடங்கியபோது, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான கைபேசி அழைப்புகளை எடுத்துக்கொண்டது. நகரத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்திலிருந்து அழைப்பு போனது, அழைத்தவர்களின் வீடு எந்தக் கட்டத்தில் என்று கூட்டுத்தொகை மட்டும் பார்த்தார்கள். கடைசி ரயில் போன பிறகு எங்கிருந்து எங்கே ஆட்கள் திரும்ப வேண்டியிருக்கிறது என்ற படம் விழுந்தது. அதன் மேல் வழித்தடங்களை வரைந்தார்கள். முதலில் இரண்டு, அதே ஆண்டில் ஒன்பது. எவர் பெயரும் தேவைப்படவில்லை. எண்ணப்பட்டவையும் வாகனங்கள் அல்ல, வண்டி கிடைக்காத மனிதர்கள். கம்பிச்சுருள் எத்தனை பதித்தாலும் அவர்களைக் கண்டிருக்காது.

நம் ஊரில் கருவிக்குக் குறைவில்லை. 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ், தமிழகத்தின் 11 நகரங்கள் உட்பட, 100 நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையங்கள் அமைந்துவிட்டன. சுவர் நிறையத் திரைகள் உண்டு. திரையில் ஒரு கோடு சிவந்தால் வாகன நிறுத்தக் கட்டணம் தானாக ஏறும் என்றோ, ஒரு தடம் பேருந்துக்கு மாறும் என்றோ எந்த விதியும் அவற்றோடு பிணைக்கப்படவில்லை. அதே காலத்தில், யாரும் போக்குவரத்துத் தரவு என்று பெயர் வைக்காத ஒன்று தமிழகப் பேருந்துகளில் குவிந்துகொண்டிருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். கட்டணமில்லை என்றாலும் நடத்துநர் சீட்டு கிழித்துத் தருகிறார். அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. ஆக, பணக் கணக்குக்காகவே பெண்களின் பயணங்கள் நாள்தோறும் எண்ணப்படுகின்றன. சென்னையில் மின்னணுக் கருவி வந்துவிட்டதால் ஏறும் இடமும் இறங்கும் இடமும் சீட்டோடு பதிவாக வழியிருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகிறவரும் பூ விற்கப் போகிறவரும் எந்த நேரத்தில் எங்கிருந்து கிளம்புகிறார்கள் என்பதை எந்தக் கேமராவையும்விட அது நன்றாகச் சொல்லும். ஒரு வழித்தடத்தில் ஒரு மணி நேரத்தில் இத்தனை சீட்டுக்கு மேல் போனால் அடுத்த காலாண்டில் அங்கே ஒரு நடை கூட வேண்டும் என்று, சிங்கப்பூர் வேகத்துக்கு வைத்த மாதிரி, ஒரு விதி வைக்கலாம். பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றையும் ஒருங்கிணைக்கவே உருவான சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் அதற்குப் பொருத்தமான இடம். உடனே வரும் பதில், கூடுதல் நடைக்குப் பேருந்தும் ஓட்டுநரும் எங்கே என்பதாக இருக்கும். தியாகராய நகரிலும் புரசைவாக்கத்திலும் சாலையோரம் நாள் முழுக்க நிற்கும் கார் அந்த இடத்துக்கு என்ன வாடகை கொடுக்கிறது என்று கணக்கெடுத்தால், அந்தப் பதிலுக்கான பேச்சைத் தொடங்கலாம்.